மூன்று தடவை பிரித்த இன்ஜின்

விளாங்குடியில் இரும்பைக் கடைந்தெடுக்கும் லேத் மெஷினை முதலில் நிறுவியவன் நான். அதை நான் விலைக்கு வாங்கவில்லை. பழைய தையல் மெஷினின் கால்சக்கரம், மில்லில் கழித்துப் போட்ட ஒரு தண்டு, இரண்டு வேப்பங்கட்டை, இவற்றை வைத்து நானே கட்டினேன். உலகச் சண்டைக்காலத்தில் பெட்ரோல் இல்லாமல் லாரிகள் நின்றபோது, கரியில் ஓடுவதற்கான அடுப்பு பதினொன்று செய்து மாட்டினேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை. எழுமலைப் பக்கம் பாறைக் கிணறுகளில் ஆயில் இன்ஜின் இறக்கினேன். இறக்க முடியாது என்று சொன்னவர்களே பிறகு ஆள் அனுப்பித் தங்கள் கிணற்றுக்கும் கூப்பிட்டார்கள். இப்போது நான் உட்கார்ந்து எழுதும் வீட்டுக்குச் செங்கல் அறுத்ததிலிருந்து நிலை வைத்தது வரை நானும் என் வீட்டுக்காரியும்தான். கப்பலூரில் என் பேரன்கள் நடத்தும் பட்டறையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ரோட்டில் போகிறவர்களுக்கே தெரியும். படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி.

பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் பெருமையாகத்தான் வருகிறது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

இவ்வளவுக்கும் ஆரம்பம் ஒரு மோட்டார் சைக்கிள். அதன் கதையை எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அந்த இன்ஜினில் கை வைத்தவன் நான் ஒருவன்தான். அதனால் நான் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. நான் மதுரையில் ஒரு நூல் மில்லில் பிட்டர். வேலை சுத்தமாகச் செய்வேன். மேஸ்திரிக்கு என்னைப் பிடிக்காது, காரணம் மேலே சொன்னதுதான். ஒரு நாள் அவர் சரிபார்த்த மெஷினை நான் மறுபடி சரிபார்த்துவிட்டேன். பேச்சு முற்றியது. ஆவணி மாதம் வேலையை விட்டுவிட்டு, வீட்டு முற்றத்தில் கீற்றுப் பந்தல் போட்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரியின் அண்ணனும் அதே மில்லில் இருந்தார். பக்கத்து வீடுதான். அவர் மேஸ்திரியிடம் என்னென்னவோ பேசி, தீபாவளி வரைக்கும் என் இடத்தில் வேறு ஆளைப் போடாமல் வைத்திருப்பதாக வாக்கு வாங்கி வந்தார். அதற்குள் போய் மன்னிப்புக் கேட்டால் வேலை உண்டு. தீபாவளி கழிந்தால் இல்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை என் மச்சான் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குச் சத்தமாகக் கேட்டது.

புரட்டாசி முழுக்கப் பந்தலுக்கு வந்தது கிணற்றில் நீர் இறைக்கும் இரும்புச் சால் இரண்டு, ஒரு பூட்டு. அதற்குப் பிறகுதான் பாய் வந்தார்.

பாய்க்கு டவுனில் புளி, வற்றல் மண்டி. என்னைவிட இருபது வயது மூத்தவர். சரக்குப் பிடிக்க எழுமலைச் சந்தை வரைக்கும் மோட்டார் சைக்கிளிலேயே போய்வருவார். சீமையிலிருந்து வந்த ஒற்றை சிலிண்டர் வண்டி, உதைத்துக் கிளப்புவது. கொஞ்ச நாளாக வண்டியில் இழுவை இல்லை, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, சைலன்சரில் சத்தம் என்றார். டவுன் பட்டறைகளில் மிலிட்டரி வண்டிகளே நிறைந்து கிடந்ததால் என்னிடம் வந்தார். நான் அதுவரை மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பிரித்ததில்லை. அதை அவர் கேட்கவில்லை.

பிரித்துப் பார்த்தால் கோளாறு சின்னது. சிலிண்டர் தலை முழுக்கக் கரி. சுரண்டி எடுத்தேன். தலைக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருந்த செம்புத் தகடு கருகிப் போயிருந்தது. வீட்டில் ஓட்டை விழுந்த செம்புத் தவலை ஒன்று இருந்தது, அதன் அடிப்பாகத்தை வெட்டிப் புதுத் தகடு செய்தேன். தவலைக்கு ஈயம் பூசிக் கொண்டுவர வேண்டும் என்று மூன்று மாதமாக என் வீட்டுக்காரி சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது. வண்டி ஒரு உதையில் கிளம்பியது. ரோட்டில் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்தேன், குதிரை மாதிரி இழுத்தது.

மறுநாள் ஆயுத பூஜை. சுத்தியல், அரம், பட்டறைக்கல் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தோம். பந்தலில் நிற்கும் ஒரே வண்டிக்கு மட்டும் வைக்காமல் விடுவது நன்றாகவா இருக்கும். பாய்க்குச் சொல்லி அனுப்பினேன். தாராளமாக வையுங்கள் என்று பதில் வந்தது. என் வீட்டுக்காரி சந்தனம் அரைத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். கெட்டியாக எடுத்து, முன்விளக்கில் ஒன்று, இரண்டு சக்கரத்திலும் ஒவ்வொன்று, பெட்ரோல் டாங்கி மூடியில் நடுநாயகமாக ஒன்று வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். வைத்தது நான்தான். இதை யாரும் மறைக்க வேண்டியதில்லை.

பூஜைக்கு இரண்டு நாள் கழித்துப் பாய் வந்து வண்டியை எடுத்துப் போனார். அந்த மாதத்துக் கூப்பனில் கிடைத்த பெட்ரோலைக் கழுத்துவரை ஊற்றிக்கொண்டார். மறுநாள் காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வைகையைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை நின்றுவிட்டதாம். கொஞ்ச நேரம் கழித்து உதைத்தால் கிளம்பும், ஒரு மைல் போவதற்குள் மறுபடி நிற்கும். பாய் கோபப்படவில்லை. முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துவிட்டு, “தம்பி, நான் இழுவ இல்லேன்னு குடுத்தேன். இப்ப இழுவ இருக்கு, வண்டிதான் இல்ல” என்றார்.

வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறேன் என்றேன்.

அன்றைக்கே சமயநல்லூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு மைலுக்குள் நின்றது. இறங்கி டாங்கி மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் இருந்தது. கூப்பன் காலத்தில் வண்டி நின்றால் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். மூடி திறந்தபோது உஸ் என்று ஒரு சின்னச் சத்தம். வெயிலில் நின்ற டாங்கி அப்படித்தான் பெருமூச்சு விடும் என்று நினைத்துக்கொண்டேன். வெற்றிலை போட்டுவிட்டு உதைத்தேன், கிளம்பியது. மறுபடி நின்றது. சூட்டில் நிற்கிறது, ஆறினால் கிளம்புகிறது என்று முடிவு கட்டினேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

சூட்டில் சாகக்கூடியது மேக்னெட்டோ. சிலிண்டருக்குள் தீப்பொறி அனுப்பும் சின்னப் பெட்டி அது. அதைக் கழற்றி, அடுப்பிலிருந்த சோற்றுப் பானையை இறக்கிவிட்டு, தோசைக்கல்லில் வைத்துச் சூடேற்றினேன். கை வைக்க முடியாத சூட்டிலும் சுற்றினால் பொறி தெறித்தது. என் கையையே தூக்கி எறிந்தது. மேக்னெட்டோ நல்லது என்று தெரிந்தது. அன்றைக்குச் சோறு மத்தியானம் தாண்டித்தான் வெந்தது. சும்மா விடக்கூடாது என்று, இந்தக் கோளாறுக்காக முதல் தடவை இன்ஜினைப் பிரித்து, வால்வு இரண்டையும் அரைத்து உட்கார வைத்து மூட்டினேன். ஓட்டினால் ஒன்றரை மைல் போய் நின்றது.

கோளாறு கொஞ்சம் பின்வாங்கியிருப்பதாக எனக்குப் பட்டது.

இரண்டாவது தடவை கார்பரேட்டர். பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை மயிரளவுதான் இருக்கும், அதில் கம்பி விட்டால் கெட்டுவிடும். ஜட்கா வண்டிக்காரரிடம் கேட்டு, குதிரை வாலில் நாலு மயிர் வாங்கி வந்து துளையைச் சுத்தம் செய்தேன். பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தேன், காற்று தாராளமாகப் போனது. பிஸ்டனையும் இறக்கி, வளையங்கள் உட்காரும் பள்ளத்தைச் சுரண்டினேன். மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, அதனால் சாமான்களைச் சீயக்காய் போட்ட வெந்நீரில் கழுவி, சுளகில் பரப்பிக் காயவைத்தேன். வால்வுக்கு ஒரு சுளகு, மரை ஆணிக்கு ஒரு சுளகு. என் வீட்டுக்காரி அரிசி புடைக்கப் பக்கத்து வீட்டில் போய்ச் சுளகு இரவல் வாங்கினாள். மூட்டி ஓட்டினேன். மூன்று மைல் போனது.

இனி இரண்டு நாளில் கோளாறு திண்டுக்கல்லுக்கே ஓடிவிடும் என்றேன். என் மச்சான் நம்பவில்லை. தினமும் மில்லிலிருந்து வரும்போது நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்ப்பார். நின்ற வண்டியை அங்கேயே உதைத்துக் கிளப்பலாம், ஆனால் பெட்ரோலை மிச்சப்படுத்த நான் தள்ளிக்கொண்டு வருவேன். அது அவருக்குப் புரியவில்லை. “என்ன மாப்ள, வண்டி ஓட்டப் போறியா, பத்திக்கிட்டு வரப் போறியா?” என்று கேட்பார். மாட்டைப் பற்றிக்கொண்டு வருவதுபோல என்று அர்த்தம்.

மூன்றாவது தடவை அடிவரை பிரித்தேன். பிஸ்டனையும் தண்டையும் சேர்க்கும் பின்னை இரண்டு பக்கமும் வளையக் கம்பி பிடித்திருக்க வேண்டும். ஒரு பக்கம் கம்பியே இல்லை. சீமையிலேயே விட்டுவிட்டார்களா, நடுவில் யாராவது விட்டார்களா தெரியாது. பின் நகர்ந்து சிலிண்டர் சுவரைக் கீற ஆரம்பித்திருந்தது. குடைக் கம்பியை வெட்டி, காய்ச்சி, வளைத்து ஒரு வளையம் செய்து போட்டேன். கீறலைத் தேய்த்து மழுக்கினேன். இந்த இடத்தை வாசிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூட்டினேன். வண்டி நாலு மைல் போய் நின்றது.

தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. பாய் வந்தார். வற்றல் விலை ஏறுகிறது, எழுமலைக்குப் போயே ஆக வேண்டும், நாளைக் காலையில் கிளம்புகிறேன் என்றார். வண்டி போய்த் திரும்பிவிட்டால் மண்டியின் இரண்டு லாரிகளையும் என் பந்தலுக்கே அனுப்புவதாகச் சொன்னார். இல்லாவிட்டால் வண்டியைத் திருச்சிப் பட்டறைக்கு ரயிலில் ஏற்றிவிடுவாராம். லாரி இரண்டு வந்தால் எனக்குப் பட்டறை. வண்டி ரயில் ஏறினால் எனக்கு மேஸ்திரி. கூப்பனைக் கொடுத்து வாங்கிய புதுப் பெட்ரோலை டாங்கி நிறைய ஊற்றிவிட்டு, மறுநாள் காலை வருவதாகச் சொல்லிப் போனார்.

நான் எடுத்து ஓட்டினேன். முக்கால் மைலில் நின்றது.

ஒரு மைலிலிருந்து நாலு மைல் வரை நான் துரத்திக்கொண்டு போன கோளாறு முக்கால் மைலுக்குத் திரும்பி வந்துவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து பந்தலில் நிறுத்தினேன். என் மச்சான் அன்றைக்குக் கேலி செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நாளைக்கு நானும் கூட வாரேன், மேஸ்திரிகிட்ட நான் பேசிக்கிறேன், நீ பேசாம நின்னாப் போதும் என்றார். எனக்கு அது கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவர் போன பிறகு யோசித்தேன். டாங்கி நிறைய இருந்தபோது பாய்க்கு ஒரு மைல்கூட ஓடவில்லை. பெட்ரோல் குறையக் குறைய எனக்குக் கூடுதல் தூரம் போனது. இன்றைக்கு நிறைத்ததும் முக்கால் மைல். பெட்ரோல் அதிகமானால் தூரம் குறைகிறது. இது எந்த ஊர் நியாயம் என்று புரியவில்லை. வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் அப்போது அடுப்படியில் தீபாவளிப் பலகாரத்துக்கு வாங்கிய புது எண்ணெய் டின்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். டின்னின் மூலையில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுச் சட்டியில் கவிழ்த்திருந்தாள். நாலு சொட்டு விழுந்து நின்றுவிட்டது.

“நல்லா எண்ணெ இருக்குல்ல, ஏன் விழ மாட்டேங்குது?” என்றேன். என் புத்தி முழுக்க வண்டியில் இருந்தது.

“நெறஞ்ச டின்னுங்க. ஒத்த ஓட்டைய வச்சுக்கிட்டு எப்புடி ஊத்தும்? காத்து உள்ள போக எடம் வேணாமா? அந்த ஆணிய எடுங்க, எதிர்மூலைல இன்னொன்னு போடணும்.”

ஆணியை எடுத்தேன். அவளிடம் கொடுக்கவில்லை. அப்படியே பந்தலுக்குப் போனேன்.

டாங்கி மூடியின் நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் கீழே இறங்க இறங்க, மேலே காலியாகும் இடத்துக்குக் காற்று போவதற்காக வைத்தது. அந்தத் துளை இருக்கிற இடத்தில் இப்போது இருந்தது ஆயுத பூஜைச் சந்தனம். பதினைந்து நாளுக்கு மேல் வெயிலில் காய்ந்து, சிமிட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. காற்று உள்ளே போக வழியில்லை, அதனால் பெட்ரோல் கீழே இறங்கவில்லை. டாங்கி நிறைந்திருந்தால் உள்ளே காற்றே கொஞ்சம், சீக்கிரம் நின்றுவிடும். குறைந்திருந்தால் கொஞ்சம் கூடப் போகும். வண்டி நிற்கும்போதெல்லாம் நான் மூடியைத் திறந்தேன், காற்று உஸ்ஸென்று உள்ளே போனது, வண்டி கிளம்பியது. நானோ அது ஆறியதால் கிளம்பியது என்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன்.

அவ்வளவு நாளும் அந்தச் சந்தனம் எப்படி அங்கேயே இருந்தது என்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்கிறார்கள். பூஜையில் வைத்த பொட்டைக் கையால் அழிக்க மாட்டோம். தானாக உதிர வேண்டும். மூன்று தடவை இன்ஜினைப் பிரித்தபோதும், டாங்கியை எடுத்து வைத்தபோதும், பொட்டு கலையக்கூடாது என்று மூடியின் ஓரத்தைப் பிடித்துத்தான் திருகினேன். அம்புட்டு பக்குவமாகப் பார்த்துக்கொண்டேன்.

சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஈரத் துணியால் துடைத்தேன். தையல் ஊசியை விட்டுத் துளையைக் குத்தினேன். ஊசி முனையில் மஞ்சளாக வந்தது. வண்டியை உதைத்து, நிறைந்த டாங்கியோடு சமயநல்லூர் தாண்டிப் போய்த் திரும்பினேன். எங்கேயும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அடுப்படியிலிருந்து ஆணி எங்கே என்று சத்தம். அது என் சட்டைப் பையில் இருந்தது.

மச்சானிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பாய்கிட்ட இதச் சொல்லிராத மாப்ள. நம்ம வீட்டுலதான் அடச்சதுன்னு தெரிஞ்சா லாரி எப்புடி அனுப்புவாரு? மேக்னெட்டோல கோளாறு, சரி பண்ணிட்டேன்னு சொல்லிரு.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பாய்க்கு மேக்னெட்டோ எது, மூடி எது என்று தெரியப்போவதில்லை. ஆனால் அந்த மேக்னெட்டோவை நான் தோசைக்கல்லில் வைத்துச் சோதித்து நல்லது என்று சொன்னவன். நான் நல்லது என்று சொன்ன சாமானின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

காலையில் பாய் வந்ததும், கிளம்புவதற்கு முன்னால், மூடியைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம் வைத்தது நான், அடைத்தது அந்தச் சந்தனம், நீங்கள் வைகைக்கரையில் தள்ளிக்கொண்டு நின்றதும் அதனால்தான் என்றேன். என் மச்சான் பின்னால் நின்றுகொண்டு, மில்லுக்கு நேரமாகியும் போகாமல் இருந்தார்.

பாய் மூடியை வெளிச்சத்துக்குக் காட்டித் துளை வழியாகப் பார்த்தார். “அன்னைக்கே எனக்குத் தொடச்சிரணும்னுதான் இருந்துச்சு தம்பி. ஒங்க சாமி விசயம், நாம கை வைக்கக் கூடாதுன்னு ஓரத்தப் புடிச்சுத்தான் தொறந்தேன்” என்றார்.

“நானும் ஓரத்தப் புடிச்சுத்தான் தொறந்தேன் பாய்.”

“அப்ப ரெண்டு பேருமாச் சேந்துதான் நிப்பாட்டிருக்கோம்” என்றார். மூடியைத் திருகிவிட்டு, என்னைப் பின்னால் ஏறச் சொன்னார்.

எழுமலைக்குப் போனோம். போகும்போது ஒரு இடத்தில் நின்றது, செக்கானூரணியில் டீ குடிக்க. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டோம். வரும்போது ஒரு சிப்பம் வற்றலை என் மடியில் வைத்துவிட்டார், ஒரு வாரத்துக்குத் தும்மினேன். தீபாவளிக்கு முதல் நாளே இரண்டு லாரிகளில் ஒன்று வந்து பந்தலை இடித்துக்கொண்டு நின்றது. என் மச்சானே போய் மேஸ்திரியிடம், இடத்தில் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அவரும் இரண்டு வருஷத்தில் மில்லை விட்டுவிட்டு என்னிடமே சேர்ந்தார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் பாய் வண்டியைத் தானே ஓட்டிவந்து விட்டுப் போவார். சந்தனத்தைச் சக்கரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார்.

விஷயத்துக்கு வருகிறேன். கப்பலூர் பட்டறைக்கு ஆண்டுவிழா மலர் போடுகிறார்கள். என் பேரன்கள் எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். முதல் பக்கத்தில், எண்ணெய் டின்னில் ஒரு பெண் போட்ட ஓட்டையில் பிறந்த பட்டறை இது என்று இருக்கிறது. என் வீட்டுக்காரி படம் பெரிதாகப் போடுகிறார்கள். போடட்டும், அவள் சொல்லாவிட்டால் எனக்கு அந்த நேரத்தில் தோன்றியிருக்காது, அதை நான் மறுக்கவில்லை. என்னைப் பற்றி இருப்பது ஒரே வரி. கோளாறு மூடியில் இருக்க, தாத்தா இன்ஜினை மூன்று தடவை வீணாகப் பிரித்தார் என்று.

வீணாக என்ற வார்த்தைதான் எனக்கு ஆகவில்லை. மூன்றாவது தடவை நான் பிரிக்காமல் இருந்திருந்தால், அந்த வளையக் கம்பி இல்லாதது யாருக்கும் தெரிந்திருக்காது. துளையைக் குத்தி அனுப்பியிருந்தால், பின் நகர்ந்து சிலிண்டரைக் கீறி, பாதி வழியில் இன்ஜின் இறுகியிருக்கும். அப்போது லாரியும் இல்லை, பட்டறையும் இல்லை, மலரும் இல்லை. பாய் அந்த வண்டியை அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஓட்டினார். சிலிண்டர் தலையை ஒருவரும் திறக்கவில்லை. விற்கும்போதுகூட உள்ளே இருந்தது என் தவலைத் தகடும் என் குடைக் கம்பியும்தான்.

அதனால் மலரில் மூன்று திருத்தம் செய்ய வேண்டும். வீணாக என்பதை எடுக்க வேண்டும். குடைக் கம்பியைச் சேர்க்க வேண்டும். சந்தனம் வைத்தது நான்தான் என்பதையும் போட வேண்டும், அதுவும் என் கை வேலைதான், மற்றவர்கள் பேரில் போகக்கூடாது. இதைச் செய்யாமல் அச்சுக்குக் கொடுத்தால், விழாவுக்கு நான் வர மாட்டேன். எனக்குப் போடும் நாற்காலியை எடுத்துவிடுங்கள்.